கோமளா வீட்டுச் சீம்பால்

கோமளாவின் செவலை மாடு கன்று போட்டுவிட்டது என்று தெரிந்தால், அந்த வீதியில் மறுநாள் காலை யாரும் அடுப்பைப் பற்ற வைக்க அவசரப்பட மாட்டார்கள். எப்படியும் கோமளா வீட்டிலிருந்து சீம்பால் வந்துவிடும். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் பத்துப் பதினைந்து வீடு உள்ள வீதி அது. பாதிப் பேர் பட்டறை வேலை, பாதிப் பேருக்கு மிச்சம் மீதி கொஞ்சம் விவசாயக் காடு. மாடு வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் சீம்பால் என்றால் கோமளாதான். மற்றவர்கள் செய்தது ஒன்று ரப்பர் மாதிரி இழுக்கும், இல்லாவிட்டால் தயிர் உடைந்த மாதிரி தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்.

அவள் கொடுமுடிப் பக்கத்தில் பிறந்தவள். ஆற்றுப் பாசனம், கரும்புக்காடு, வீட்டிலேயே வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். பாலுசாமிக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தபோது, லேத் பட்டறையில் இரும்புத்தூள் வாசனையோடு வீடு திரும்புகிற மனுசனைப் பார்த்து முதல் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறு போட்டாள். அந்தக் கதையைப் பாலுசாமியே ஒறம்பரைச் சனம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகளைச் சரவணம்பட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியதுதான் செவலை.

சீம்பால் செய்வதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கன்று வயிறு முட்டக் குடித்த பிறகுதான் செம்பைக் கொண்டு மடியடிக்குப் போவாள். மஞ்சளாக, கஞ்சி மாதிரி இறங்குகிற அந்தப் பாலில் சாதாப் பால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை விரலில் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். பிறந்த ஊர் வெல்லத்தை அரிவாள்மனையில் சீவிக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தூக்குப்போசிகளில் ஊற்றி இட்லிப் பானைக்குள் இறக்கி மூடுவாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்குவாள். ஆறிய பிறகு கத்தி வைத்தால் துண்டு துண்டாக ஆடிக்கொண்டு நிற்கும்.

வீடு வீடாகக் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பதும் அவளேதான். அந்த வீதியில் அதற்கு ஒரு வழக்கம். சீம்பால் வந்த கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தரக்கூடாது, கழுவினால் மாட்டுக்கு மடி வற்றிவிடும். ஒரு கை கல்லுப்பைப் போட்டு அப்படியே கொடுக்க வேண்டும். அந்த உப்பைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்து மாட்டுக்கே வைப்பாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு போசியில் ஒட்டியிருப்பதை வழித்து அவள் தின்பாள். விருந்தானாலும் நோம்பியானாலும் அவள் கணக்கு அதுதான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தனக்கு. இது நல்ல குணம் என்று ஊரே சொன்னது. அந்தக் குணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

தொண்ணூற்று நான்காம் வருசம் ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் ஒரு வெறிநாய் சுற்றியது. ரயில் பாதை ஓரமாக வந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு போனது. பட்டறை ஆட்கள் இரும்புக் கம்பியோடு துரத்தி அடித்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பிய செவலையின் மூக்கோரத்தில் ஒரு கீறல் இருந்தது. சினை மாடு. கோமளா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். வேலிக் கிளுவை முள் கிழித்திருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பாலுசாமி, நாய் கீது வந்துச்சா என்று கேட்டார். இல்லை, முள்ளுதான் என்றாள். அவரும் சரி என்று கையைக் கழுவப் போனார். முள் என்று நினைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் வரும், அதனால் முள்ளாகவே இருந்துவிட்டது.

புரட்டாசியில் செவலை கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கோமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெல்லத்தை அரிவாள்மனையில் சீவும்போது பேச்சு வாக்கில் கை வழுக்கி, வலது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நன்றாகவே அறுத்துவிட்டது. மஞ்சளை அப்பி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். இந்த ஒரு வெட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தடவை சீம்பால் அமைந்த மாதிரி எப்போதும் அமைந்ததில்லை என்று தின்றவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் காளியாத்தாளின் பேரன் இரண்டாவது கிண்ணத்துக்கு அழுதான். கோமளா தனக்கு வழிக்க வைத்திருந்த போசியையே அவனிடம் கொடுத்துவிட்டாள். ஆக, அவள் வாயில் ஒரு துளி படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செவலை தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. தலையை நீட்டி நீட்டி, எதையோ விழுங்க முடியாமல் திணறுகிற மாதிரி செய்தது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கும், உடனே எடுத்துவிடும். இப்படித் திணறுகிற மாட்டைக் கொடுமுடிப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினால் அவள் என்ன நினைப்பாள்? பனங்கொட்டை. பழம் விழுகிற காலம். பழத்தைச் சப்புகிற மாட்டுக்குக் கொட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவள் அப்பன் எத்தனையோ மாட்டுக்குக் கையை விட்டு எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள். பாலுசாமி பட்டறைக்குப் போயிருந்தார். கோமளா வெட்டில் சுற்றியிருந்த ஈரத் துணியை அவிழ்த்து எறிந்தாள். இடது கையால் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, வலது கையை முழங்கை வரைக்கும் செவலையின் வாய்க்குள் விட்டாள்.

உள்ளே கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. எச்சில் மட்டும் கொழகொழவென்று கையெல்லாம் ஒட்டியது. தொட்டித் தண்ணீரில் கையை அலசினாள். வெட்டு எரிந்தது. புதுத் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் செவலை கத்த ஆரம்பித்தது. அது மாடு கத்துகிற கத்தல் இல்லை. தொண்டை கட்டிய மனுசன் கூப்பிடுகிற மாதிரி, விட்டு விட்டு, வீதி முழுக்கக் கேட்டது. கன்றைக் கண்டு சிலிர்த்தது. கோமளாவின் குரலுக்குக் காதைத் திருப்புகிற மாடு அவளையே முட்டப் பாய்ந்தது. கயிறு மட்டும் கெட்டியாக இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கன்றை இழுத்துப் போய் வேறிடத்தில் கட்டிவிட்டு பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். பாலுசாமி வரும்போதே மாட்டு டாக்டர் கோவிந்தராஜுலுவை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் தூரத்தில் நின்றே பார்த்தார். பக்கத்தில் போகவில்லை. இதை நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். மூக்கில் ஒரு கீறல் இருந்தது என்று பாலுசாமிதான் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். வெறிதான், பிழைக்காது என்றார். அதற்குள் கத்தல் கேட்டு வீதியே வாசலில் கூடிவிட்டது. வெறி என்ற சொல் காதில் விழுந்ததும் காளியாத்தாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சீம்பால் தின்னுபோட்டமேங்க! என்ற பேரன் ரெண்டு கிண்ணம் தின்னானுங்களே!"

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வேக வைத்த பாலில் ஒன்றும் இருக்காது, ஆவியில் அத்தனை நேரம் வெந்ததற்கு அப்புறம் எந்தக் கிருமியும் தங்காது, பயப்பட வேண்டாம் என்றார். கேட்கிற காது ஒன்றுகூட அங்கே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவர் இன்னொன்றையும் கேட்டார்.

"வாய்க்குள்ள யாராச்சும் கைய விட்டீங்களா? எச்சில் பட்டுச்சா? அதுதான் முக்கியம். சொல்லுங்க."

பாலுசாமி, அப்படியெல்லாம் யாரும் விடலீங்க என்றார். அவருக்குத் தெரியாது. கோமளாவுக்குக் கேள்வி நன்றாகவே கேட்டது. துணி சுற்றிய கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பச்சைப் பிள்ளை இரண்டு கிண்ணம் தின்றிருக்கிறான். நான் கொடுத்தது. இந்த நேரத்தில் என் கையை முன்னால் நீட்டினால் எப்படி இருக்கும்? முதலில் இவர்கள் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும், என்னுடையதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தே பழகியவளுக்கு வேறெப்படி நினைக்கத் தெரியும், சொல்லுங்கள்!

அன்று சாயங்காலமே ஒரு டெம்போவைப் பிடித்து வீதியே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று யாரோ சொன்னதில் பிள்ளைகள் வழி நெடுக அழுதார்கள். கோமளாவும் போனாள். போகாமல் எப்படி இருப்பாள்? டெம்போவில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

"அவ ஒரு வாய்கூடத் திங்கலயாமா. நமக்கு மட்டும் குடுத்துபோட்டு சும்மா இருந்திருக்கறா பாரு."

காளியாத்தாளின் பேரன்கூட, போசியை வழித்தவன், அவளைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மாட்டு டாக்டர் சொன்னதையே இவரும் சொன்னார். வெந்ததைத் தின்றவர்களுக்கு ஊசி வேண்டாம், வேண்டாத ஊசி உடம்புக்குக் கெடுதல், வீட்டுக்குப் போங்கள் என்றார். சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, சமாதானமாகாத முகத்தோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கோமளா வரிசையில் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுந்தபோது, வெளியே டெம்போக்காரன் ஆரன் அடித்தான். வாரதுன்னா வா, இல்லாட்டி பஸ்ஸுல வா என்று யாரோ கத்தினார்கள். உள்ளே டாக்டர் களைத்துப்போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே, எனக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று அவள் திரும்பி நடந்து டெம்போவில் ஏறிவிட்டாள்.

செவலை இரண்டு நாள் கத்தியது. பிறகு பின்னங்கால் மடங்கி விழுந்து செத்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். கன்றுக்கு மாட்டு டாக்டர் ஊசி போட ஆரம்பித்து, தனியாகக் கட்டச் சொன்னார்.

அதற்கப்புறம் கிண்ணங்கள் திரும்பி வந்தன. உப்போடு ஒன்றுகூட இல்லை. சிலது பினாயில் நாற்றம் அடிக்கக் கழுவி, வாசற்படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காளியாத்தாள் வீட்டுக் கிண்ணம் மதில்மேல் பறந்து வந்து நடு வாசலில் விழுந்து நசுங்கியது. சில வீட்டிலிருந்து வரவே இல்லை, சாக்கடையில் எறிந்திருப்பார்கள். கோமளா நசுங்கிய கிண்ணத்தை எடுத்து அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினாள். பைப்படிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் கையை யாரும் பார்க்கவில்லை. முகத்தையே பார்க்காதவர்கள் கையை எங்கே பார்ப்பது? பாலுசாமியும் இடிந்துபோயிருந்தார், தட்டில் என்ன விழுகிறது என்றுகூடக் கவனிக்காமல் தின்றுவிட்டுப் போனார்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் தாஜுன்னிசா வந்தாள். வீதிக் கடைசியில் மெத்தை தைக்கிற அப்துல் முத்தலிப்பின் சம்சாரம். கோட்டைமேட்டிலிருந்து குடிவந்து இரண்டு வருசம்தான் ஆகிறது. சீம்பால் கொடுத்த மறுநாளே அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவள், அன்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தாள். கையில் கிண்ணம், கழுவாத கிண்ணம், அதில் நிறைய கல்லுப்பு.

"வழியில எல்லாம் சொன்னாங்கக்கா. நாங்களும் தின்னோம், நல்லாத்தான் இருக்கோம். கிண்ணத்தைப் புடிங்க."

கோமளா கையை நீட்டினாள். அவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்து, உப்பில் கண்ணீர் சொட்டியது. தாஜுன்னிசா கிண்ணத்தை விடவில்லை. கோமளாவின் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெட்டு ஆறியும் ஆறாமலும் சிவந்து கிடந்தது.

"இது எப்ப ஆச்சு?"

வெல்லம் சீவும்போது என்றாள் கோமளா. தாஜுன்னிசா மேலே மேலே கேட்டாள். அப்போதுதான் கோமளா முதல் தடவையாக வாயைத் திறந்து பனங்கொட்டைக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. தாஜுன்னிசா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோமளாவின் இடது கையைப் பிடித்து, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீட்டைப் பூட்டக்கூட விடவில்லை.

அதே டாக்டர்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்றைக்கு என்று கேட்டார். அன்றைக்கு இதே வரிசையில் நின்றேன் என்று கோமளா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நின்னவங்க ஏன்மா உள்ள வரல? அன்னைக்கு இந்த ஊசி உங்க ஒருத்தருக்குத்தான் வேண்டியிருந்துச்சு!"

காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். அன்றைக்கே முதல் ஊசி. பதினான்கும் நாள் தவறாமல் போட்டாள். ஒவ்வொன்றும் தொப்புளைச் சுற்றி நெல்லிக்காய் அளவு வீங்கியது. பாலுசாமி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு கூடவே போய், ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதார். கடைசி ஊசி அன்று, இனிப் பயமில்லையா என்று கேட்டதற்கு டாக்டர் அவர்களிடம் பொய் சொல்லவில்லை. தாமதமாகத்தான் ஆரம்பித்திருக்கிறோம், பெரும்பாலும் ஒன்றும் வராது, ஆனால் இந்த வியாதி மாதக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கோமளா கேட்டாள். தண்ணீர் தொண்டையில் இறங்காது என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலை அதுதான். பல் விளக்கியதும் செம்பில் தண்ணீர் மொண்டு வாசலில் நின்று அண்ணாந்து குடிப்பாள். பாலுசாமி கதவோரமாக நின்று அவள் தொண்டையையே பார்ப்பார். இறங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகள் வருகிறேன் என்றதற்கு, இப்ப வேண்டாம் கண்ணு, தை முடியட்டும் என்று கோமளா சொல்லி அனுப்பினாள். தை முடிந்ததும் மாசி முடியட்டும் என்றாள். ராத்திரியில் வாயில் எச்சில் ஊறினால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

விசயம் எப்படியோ வீதிக்குத் தெரிந்துவிட்டது. தாஜுன்னிசா சும்மா இருக்கிற ஆளா! பைப்படியில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் குடத்தை யாரும் நகர்த்தவில்லை, ஆனால் யாரும் பேசவும் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எல்லோர் கண்ணும் தொண்டைக்குப் போய்த் திரும்பியது.

மாசிக் கடைசியில் காளியாத்தாளின் எருமை கன்று போட்டது. மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் காளியாத்தாள் ஒரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"எனக்கு உன்னாட்டச் செய்ய வராது அம்மணி. தண்ணி உட்டுருச்சு. இருந்தாலும் மொத கிண்ணம் உனக்குத்தான். இந்தத் தடவ நீ கடைசில திங்கக்கூடாது."

கோமளா கிண்ணத்தை வாங்கினாள். பாலுசாமி கதவோரம் வந்து நின்றார். வெல்லம் குறைச்சல், ஏலக்காய் போடவே இல்லை, ஈர்க்கு வைத்துப் பார்க்காமலே இறக்கியிருக்கிறாள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கில் கரைந்தது. விழுங்கப் போனாள். தொண்டை அடைத்தது.

அழுகையா, வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது, கை கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தது. பாலுசாமி ஓடிவந்து செம்பை நீட்டினார், அதில் இருந்த தண்ணீர் பாதி சிந்திவிட்டது. காளியாத்தாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமளா செம்புக்குள் தெரிந்த தண்ணீரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்தாள்.

ஒரு மடக்கு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது.

"எறங்கிருச்சுங்க" என்றாள்.

பாலுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோமளா மிச்சத்தையும் தின்று முடித்தாள். கிண்ணத்தைக் கழுவாமல், உள்ளே போய் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுக் காளியாத்தாளிடம் கொடுத்தாள். பிறகு செம்பில் மறுபடியும் தண்ணீரை நிரப்பி, மறுநாள் காலைக்கென்று ஜன்னலோரத்தில் மூடி வைத்தாள்.